டம்ளர் சுத்தின சைலன்சரும் வெள்ளகோவில் சம்மதமும்

முருகன் துணை.

எத்தியோப்பியாவில் பனியன் கம்பெனி மேனேஜராக இருந்து நம் வம்சத்துக்கே வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கும் அருமை மாப்பிள்ளை முருகவேலுக்கு, திருப்பூரிலிருந்து உன் தாய்மாமன் ஞானசம்பந்தம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு நான், உன் அத்தை பழனியம்மாள், உன் கார், மூன்று பேரும் சுகம். கார் சுகம் என்று எழுதியதை மட்டும் இன்னொரு தடவை படித்துவிட்டு மேலே வா. வாட்ஸப்பில் அனுப்பினால் உன் அத்தை எடுத்துப் படித்துத் திருத்தம் சொல்லுவாள் என்பதால் உங்கள் கம்பெனிக்கு வரும் சாம்பிள் பெட்டிக்குள் இதை வைத்து அனுப்புகிறேன்.

கண்ணு, எல்லாம் நான் சொன்னபடியே நடந்துவிட்டது! உன் காரை என்னிடம் விட்டுவிட்டு நீ ஏர்போர்ட்டுக்குள் போன அன்றைக்கே சொன்னேனா இல்லையா, “இந்த சைலன்சர் ஒரு நாள் புட்டுக்கும், அது புட்டுக்கிற அன்னைக்கே உனக்குப் பொண்ணு அமையும்”னு? உனக்குக் கேட்டிருக்காது, நடுவில் கண்ணாடிக் கதவு இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, உங்கம்மாவுக்கு முட்டிவலி என்பதால் நானும் அத்தையும் மட்டும் உன் காரில் வெள்ளகோவிலுக்குப் பொண்ணு பார்க்கக் கிளம்பினோம். பொண்ணு ஜெயபாரதியின் போட்டோவைப் பார்த்துவிட்டு “இந்தப் பொண்ணு இல்லைன்னா நான் இங்கயே இருந்துக்கறேன் மாமா” என்று நீ போனில் அழுத அழுகை என் காதிலேயே இருந்தது. ஆனால் பொண்ணோட அப்பா மணியன் லேசுப்பட்ட ஆள் இல்லை. அத்தனை சகுனம் பார்ப்பார். போன வருஷம் ஒரு மாப்பிள்ளை வீட்டு வேன் வழியில் பஞ்சர் ஆகிவிட்டது என்று காதில் விழுந்ததும், “வர்றப்பவே தடங்கலுங்க” என்று காப்பிகூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பின மனுசன்.

அப்படிப்பட்டவர் ஊட்டுக்குப் போகிற வழியில், படியூர் தாண்டி ஒரு வேகத்தடை. சர்க்கார் கட்டினதா, சிவன்மலையிலிருந்து உருண்டு வந்ததா தெரியாது. ஏறி இறங்கினேன். டமால்! அதற்கப்புறம் உன் கார் போட்ட சத்தம் இருக்கிறதே, காங்கேயம் காளைகள் கயிற்றை அத்துக்கிட்டு ஓடுது, எதிரே வந்த பஸ்ஸு ஓரங்கட்டி நிக்குது, எண்ணெய் மில்லு களத்துல காயப்போட்ட தேங்காய்ப் பருப்பெல்லாம் தானாத் திரும்பிப் படுக்குது!

உன் அத்தை, “ஏனுங்க, காரு பொளந்துருச்சுங்களா?” என்றாள்.

“இல்ல புள்ள, கொஞ்சம் தொண்டையைத் திறந்திருக்குது.”

இறங்கிக் குனிஞ்சு பார்த்தா, சைலன்சர் டப்பாவுக்குப் பின்னால் பைப்பு வாயைப் பிளந்துகொண்டு தொங்குது. நான் டிக்கியில் பனியன் பண்டல் ஏற்றினதால்தான் இது உடைந்தது என்று அத்தை உனக்குச் சொல்லுவாள், நம்பாதே. பனியன் எதில் செய்கிறது? பஞ்சில். பஞ்சுக்கு ஏது கனம்? அதுவுமில்லாமல் அந்தப் பண்டல் இருந்ததால்தானே ஒரு கை கட்டிங் வேஸ்ட் துணியை உருவிப் பைப்பைத் தூக்கிக் கட்ட முடிந்தது? எக்ஸ்போர்ட் துணி, சுத்தக் காட்டன். காங்கேயம் வந்து சேர்வதற்குள் கருகி, காருக்குள்ளே ஒரே புகை. “இந்தச் சத்தத்தோடயும் நாத்தத்தோடயும் போனா மணியண்ணன் ஊரெல்லையிலயே பூசணிக்காயைச் சுத்தி ஒடச்சுத் திருப்பி உட்ருவாருங்க” என்று உன் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். உடைந்த விஷயம் வெள்ளகோவிலுக்குத் தெரியாமல் ஒட்டியாக வேண்டும். இல்லையென்றால் உன் கல்யாணம் படியூரிலேயே முடிந்தது.

காங்கேயத்தில் ஒரு வெல்டிங் பட்டறை பாதிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்து ஆள். படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“அண்ணாச்சி, இது பைப்பா? அப்பளம்லா! வெல்டிங் ராடு தொட்டா பொடிஞ்சிரும். மேல ஒரு தகடு சுத்தித்தான் ஒட்டணும், தகடு தீந்துபோச்சு. ஞாயித்துக்கிழம கடை ஏது? நாளைக்கு வாங்க.”

“நாளைக்கு வந்தா எம் மாப்ளைக்குக் கல்யாணம் எப்பங்க?”

“சைலன்சருக்கும் கல்யாணத்துக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்?”

சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “எங்க பக்கம் வெடி போட்டுக்கிட்டுத்தான் பொண்ணு கேக்கப் போவோம், நீங்க சத்தத்துக்குப் பயப்படுதீக” என்றார். அப்புறம் அவர் பார்வை உன் அத்தை கையில் போய் நின்றது. அவள் ஊர்த் தண்ணியை நம்பினாலும் ஊர் டம்ளரை நம்பமாட்டாள் என்பது உனக்குத் தெரியுமே. எங்கே போனாலும் தன்னுடைய எவர்சில்வர் டம்ளரோடுதான் போவாள், அரைப்படி பிடிக்கும். அதை வெட்டிச் சுத்திவிடலாம் என்ற யோசனை என்னுடையது. இசக்கிமுத்துதான் முதலில் சொன்னார் என்று அத்தை சொல்லுவாள். நான் நினைத்ததை அவர் சொன்னார், அவ்வளவுதான்.

“என் டம்ளரு!” என்று அவள் மாரோடு அணைத்துக்கொண்டாள். “உனக்கு மருமவன் பெருசா, டம்ளரு பெருசா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துத்தான் கொடுத்தாள்.

அவர் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டம்ளரின் அடியை அறுத்து, நெடுக்கப் பிளந்து, பைப்பு மேலே வளையல் மாதிரிச் சுத்தினார். எண்ணெய் மில் டேங்குக்கு வைத்திருந்த எவர்சில்வர் ராடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. கரண்ட்டைக் குறைத்து வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக, கோலம் வைக்கிற மாதிரி ஒட்டினார். “வெளிச்சத்தப் பாக்காதீக அண்ணாச்சி”ன்னாரு. நான் பார்க்காமல் யார் மேற்பார்வை பார்ப்பது? பார்த்தேன். அப்புறம் ரொம்ப நேரம் எனக்கு எல்லாம் பச்சையாகத்தான் தெரிந்தது. புது வேட்டியில் பொறி பட்டு ஒரு ஓட்டை, அதை மடித்துக் கட்டிக்கொண்டேன். ஸ்டார்ட் பண்ணினா... அடேயப்பா! பல்லி முட்டை இடுற சத்தம்கூடக் கேட்கும் கண்ணு, அவ்வளவு அமைதி!

வெள்ளகோவிலில் ராஜ மரியாதை. காப்பி, முறுக்கு, பலகாரம். பொண்ணு வந்து நின்று கும்பிட்டுவிட்டு, “அவருக்கு அங்க சோத்துக்கு என்னங்க பண்றாரு?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. “தயிருக்கு ஏங்கிட்டிருக்கறான் சாமி” என்றாள் உன் அத்தை. அது சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து மணியன் எங்களை வழியனுப்ப வெளியே வந்தார். வெயில் சாய்ந்து காருக்கு அடியில் பட்டது. துருப்பிடித்த பைப்பில் டம்ளர் மட்டும் பளபளன்னு மின்னுது! குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறிப்போச்சு.

“ஏனுங்க, வர்ற வழியில காரு ஒடஞ்சுதுங்களா?”

நீ எத்தியோப்பியாவிலேயே தாடி வளர்த்து உட்கார்ந்திருக்கிற மாதிரி கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சுது. அப்போதுதான் முருகன் கண் திறந்தான். டம்ளரில் பேர் வெட்டியிருந்தது. மணியன் மறுபடி குனிந்து அதைப் படித்தார். ‘மணியன், வெள்ளகோவில்’! அவரே எப்போதோ எங்கள் புதுமனை புகுவிழாவுக்கு வந்து மொய்யாக வைத்துவிட்டுப் போன டம்ளர்! அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்து, “முருகா! எம் பேரைக் கட்டிக்கிட்டு எங்க வாசலுக்கே வண்டி வந்திருக்குது. இதுக்கு மேல என்னுங்க சகுனம்?” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தை பிறந்ததும் நிச்சயம். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். தினமும் விபூதி வை. அந்த ஊர்ச் சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டுவை, குறைந்து போகாது. உன் நிழல் விழுகிற இடமெல்லாம் நெல்லு விளையட்டும்.

இப்படிக்கு,
சொன்னது பலிக்கிற உன் மாமன்,
ஞானசம்பந்தம்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றைத் தவிர எல்லாம் நிஜம். டம்ளரில் மணியன் பேர் இல்லை. ‘வேலாத்தாள், கொமரலிங்கம்’ என்றுதான் இருந்தது, உன் அத்தையோட அம்மா பேரும் ஊரும். அவர் கொடுத்த சீர். மணியனுக்குக் கிட்டத்தில் இருக்கிற எழுத்து தெரியாது. “என்னமோ பேரு வெட்டியிருக்குதே, படிங்க” என்று என்னிடம் கேட்டார். வெல்டிங் வெளிச்சத்தில் எனக்குக் கண் கூசிக்கொண்டிருந்த நேரம் பார், வாயில் அவர் பேரே வந்துவிட்டது. அவருக்குச் சந்தேகம். “கண்ணு, நீ படி” என்று பொண்ணைக் கூப்பிட்டார். பழனியாண்டவா, போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது மண்டி போட்டு, தலையைச் சாய்ச்சு, நிதானமாப் படிச்சுது. என்னை ஒரு பார்வை பார்த்தது. “ஆமாங்கப்பா, உங்க பேருதானுங்க” என்றது.

கார் கதவைச் சாத்த வந்தபோது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னது: “ஏனுங்க, சீக்கிரமா வேற பைப்பு மாத்திருங்க. அப்பா அடுத்த வாரம் கண்ணாடி வாங்கப் போறாருங்க.”