பூஜ்ய இரைச்சல் சான்றிதழ்

மனித இனம் இதுவரை நடத்திய மாபெரும் மீட்புப் பணிகளில், கோப்புப் பிரிவுக் கண்காணிப்பாளர் தம் வீட்டு முன்னறையில் பதினான்கு மாதங்கள் நடத்திய பணிக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்ல முடியாது. மூழ்கிய கப்பல்களைத் தூக்கியிருக்கிறார்கள். புதைந்த நகரங்களைத் தோண்டியிருக்கிறார்கள். ஆனால் அவர்களில் எவரும், மேசையருகே ஈரத்துணியுடன் வரக்கூடாது என்று கட்டிய மனைவிக்குச் சுற்றறிக்கை அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கியதில்லை.

பணியின் தொடக்கம் என்னவோ சாதாரணமானதுதான். மனைவியின் அப்பா விட்டுப்போன பொருள்களில் ஒரு பழைய வால்வு ஸ்டீரியோவும், அதோடு இணைந்த ஸ்பூல் டேப் இயந்திரமும், ஒரே ஒரு டேப்பும் இருந்தன. அந்த டேப்பில் அவர் பதினொரு நிமிடம் பேசியிருந்தார். மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது பதிந்தது. அவருடைய குரல் வேறெங்கும் கிடையாது.

“ஒரே ஒரு தடவை கேட்டாப் போதுங்க,” என்றாள் மனைவி.

தெருமுனை ரேடியோ கடைக்காரர் வந்தார். மூடியைக் கழற்றினார். இற்றுப்போன ரப்பர் பெல்ட்டை மாற்றினார். ஒரு வால்வைப் பிடுங்கி, காலைச் சுரண்டி, மறுபடி செருகினார். மொத்தம் அரை மணி நேரம். ஸ்பூல் சுற்ற ஆரம்பித்தது. அறைக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம், அதற்கு நடுவே ஒரு குரல், “ஏய் வாயாடி, அப்பா பக்கத்துல வந்து உக்காரு, உனக்கு ஒரு...” என்றது. மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் சட்டென்று சுவிட்சை அணைத்தார்.

“ஐயோ, ஏங்க நிறுத்துனீங்க?”

“அந்த ரீங்காரம் உனக்குக் கேக்கலியா? மாமா குரலை இந்த லட்சணத்துல கேக்கறது அவரை அவமானப்படுத்தற மாதிரி.”

“அவரு ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாருங்க.”

“நான் நெனச்சுப்பேன்,” என்றார் கண்காணிப்பாளர்.

“வயசான செட்டு சார், கொஞ்சம் முனகத்தான் செய்யும். ரெண்டு கெப்பாசிட்டர் மாத்தினா அடங்கிடும்,” என்றார் கடைக்காரர். அவருக்கு நன்றி கூறி அனுப்பிவைத்தார்கள். அரை மணி நேரத்தில் முடிகிற வேலையை யார்தான் “கலை” என்று ஒப்புக்கொள்வார்கள்?

அடுத்த வாரமே கண்காணிப்பாளர் “பழம்பெரும் ஒலிச்சாதன மீட்புச் சங்க”த்தில் சேர்ந்தார். அவரையும் சேர்த்து ஐந்து உறுப்பினர்கள். தலைவர் ஒரு பல் மருத்துவர், செல்லப்பெயர் தங்கக்காது. கம்பியைச் சுருட்டும்போது இடப்பக்கமாகச் சுருட்டினார்களா வலப்பக்கமாகவா என்பதைப் பாட்டைக் கேட்டே சொல்லிவிடுவார். பகல் முழுவதும் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்பவர், சங்கக் கூட்டத்தில் ஒருவரையும் வாய் திறக்க விடமாட்டார். செயலாளர் ஒரு வீட்டுத் தரகர். ஜன்னல் இல்லாத அறையை “அமைதியான அறை” என்று விற்றுப் பழகியவர் ஆதலால் சங்கத்துக்கு இன்றியமையாதவர்.

பணி முறைப்படி நடந்தது. முதல் மாதம் கண்காணிப்பாளர் சால்டரிங் பயின்றார். மேசையில் பதினேழு ஓட்டை, சட்டையில் மூன்று. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் பதுங்கியிருக்கும் என்பதை இரண்டாம் மாதம் விரல் வழியாக அறிந்துகொண்டார். சுவர் ஓரமாகப் போய் விழுந்தவருக்குச் சங்கம் “தீட்சை பெற்றார்” என்று வாழ்த்து அனுப்பியது. புதுக் கம்பிகள் களைப்பு நீங்க மூன்று நாள் ஓய்வெடுத்தன. சோதனை நேரங்களில் பிரிட்ஜ் நிறுத்தப்பட்டது. பால் திரிந்தபோது சங்கம் வருத்தம் தெரிவித்தது.

சோதனைக்கென்று தனி டேப் இருந்தது. அதில் ஒரு ரயில் இடப்பக்கம் புறப்பட்டு வலப்பக்கம் போகும். அந்த ரயில் நானூறு தடவையாவது அந்த வீட்டைக் கடந்து போயிருக்கும். மாமாவின் டேப் மட்டும், தூய்மை கைகூடும் நன்னாளுக்காகத் தகர டப்பாவில் காத்திருந்தது.

“இப்பப் போடலாமாங்க?” என்று மாதம் ஒரு முறை மனைவி கேட்பாள்.

“வால்வு இன்னும் பழகல.”

“மனுஷங்களே இதுக்குள்ள பழகிடுவாங்களே!”

பதிமூன்றாம் மாதம் ரீங்காரம் ஒழிந்தது. மிச்சம், ஸ்பீக்கருக்குள் காதை நுழைத்தால் கேட்கும் ஒரு சின்ன “ஸ்ஸ்”. அதற்கும் சங்கம் சுற்றறிக்கை விட்டது: “இரைச்சலின் தாய் காந்தமே. எனவே ஒலிநாடாவின் பாதையில் வரும் அனைத்திலிருந்தும் காந்தம் அறவே நீக்கப்பட வேண்டும்.”

கண்காணிப்பாளர் இஸ்திரிப்பெட்டி அளவில் ஒரு காந்தநீக்கி வாங்கினார். டேப் உரசிச் செல்லும் முனைகளில் காட்டினார். உருளைகளில் காட்டினார். பிறகு சுற்றறிக்கையை மறுபடி படித்தார். முப்பது வருடம் கோப்புப் பிரிவில் இருந்தவர். “அனைத்தும்” என்று எழுதியிருந்தால் ஒன்றைக்கூட விடக்கூடாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. ஒலிநாடாவின் பாதையில் முக்கியமாக வருவது எது? ஒலிநாடா அல்லவா! டப்பாவைத் திறந்து, மாமாவின் டேப்பை எடுத்து, பக்கத்துக்கு மூன்று முறை பக்தியோடு தேய்த்தார். பணிப்பதிவேட்டில் எழுதினார்: “வரிசை எண் நாற்பத்தொன்று. காந்தம் நீக்கப்பட்டது. முழுமையாக.”

நன்னாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. ஐவரும் வரிசையாக அமர்ந்தார்கள். மின்விசிறி நிறுத்தப்பட்டது, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரி பிடுங்கப்பட்டது. மனைவி நல்ல புடவை கட்டிக்கொண்டு ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் தனியாகப் போய் அழைத்ததால் ரேடியோ கடைக்காரரும் வந்து கதவோரம் ஸ்டூலில் இருந்தார். செயலாளர் மதிப்பீட்டுப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

ஸ்பூல் சுற்றியது. எந்தச் சத்தமும் வரவில்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. தங்கக்காது கண்களை மூடினார். “ரீங்காரம் இல்ல,” என்று முணுமுணுத்தார்.

மூன்று நிமிடம். “‘ஸ்ஸ்’கூட இல்ல டாக்டர்!” என்றார் செயலாளர். அவர் குரல் தழுதழுத்தது.

“பேசாதீங்க. இப்படி ஒரு நிசப்தத்தை என் வாழ்நாள்ல கேட்டதில்ல.”

மனைவி நாற்காலியை முன்னால் நகர்த்தினாள். பிறகு தரையில் இறங்கி, ஸ்பீக்கர் துணியில் காதை வைத்துக்கொண்டாள். “கொஞ்சம் சத்தமா வைங்க,” என்றாள்.

“முழுசா வெச்சிருக்கேனே,” என்றார் கண்காணிப்பாளர்.

பதினோராவது நிமிடம் டேப் முடிந்து அதன் நுனி படபடவென்று அடித்தது. சங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

“எங்க அப்பா எங்கங்க?” என்றாள் மனைவி.

“அம்மா, உள்ளடக்கம் வேற, ஒலித்தரம் வேற,” என்று செயலாளர் அன்போடு விளக்கினார்.

ரேடியோ கடைக்காரர் எழுந்து வந்தார். ஸ்பூலைக் கையில் எடுத்துப் பார்த்தார். மேசையில் இருந்த இஸ்திரிப்பெட்டி போன்ற சாமானைப் பார்த்தார். “சார், இதை டேப்ல காட்டுனீங்களா?”

“பக்கத்துக்கு மூணு தடவை. பதிவேட்டுல இருக்கு.”

“ஐயோ சார்! டேப்ல குரல் பதியறதே காந்தமாத்தானே சார். நீங்க தேச்சு எடுத்தது அழுக்கில்ல.”

“வேற வழி இருக்கும்ல?” என்றார் கண்காணிப்பாளர். “ஏதாவது இருக்கும்ல?”

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

மனைவி தரையில் இருந்தபடியே பேசினாள். அழவில்லை. “அன்னிக்கு அந்த வண்டுச் சத்தத்தோடவே விட்டிருக்கலாம்ல? பதினொரு நிமிஷம். எனக்கு என்ன தர்றேன்னு சொன்னாருன்னாவது தெரிஞ்சிருக்கும்.”

கண்காணிப்பாளரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினான்கு மாதத்தில் முதல் முறையாக, ஒரு சின்ன ரீங்காரமாவது கேட்காதா என்று அவர் காது தவித்தது.

தங்கக்காது மணிக்கட்டைப் பார்த்தார். “துக்கமான விஷயம்தான். இருந்தாலும் சோதனை சோதனைதான். படிவத்தை முடிச்சிடுங்க.” செயலாளர் மளமளவென்று நிரப்பினார். ரீங்காரம்: இல்லை. இரைச்சல்: இல்லை. சிதைவு: இல்லை. சங்கத்தின் இருபது ஆண்டு வரலாற்றில் முதல் முறையாக நூற்றுக்கு நூறு. விதிப்படி வீட்டார் ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்று பேனாவோடு படிவத்தை நீட்டினார்.

மனைவி எழுந்து வந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். படிவத்தை ஒரு முறை மேலிருந்து கீழாகப் படித்தாள். கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி எழுதி, கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“அப்பா: இல்லை.”

அந்தச் சங்கம் இதுவரை வழங்கிய சான்றிதழ்களிலேயே, எல்லாக் காதுக்கும் கேட்கிற மாதிரி ஒரு வரி இருப்பது அதில் மட்டும்தான்.