ஓடிய காருக்கு எஃப்.சி. மறுத்த கதை

தார்ச்சாலையும் சோதனைச்சாவடியும் வந்து சேர்ந்துவிட்ட ஒரு காட்டில் மாசாணம் என்றொரு கரடி இருந்தது. அதற்குப் பதினைந்து வயது தாண்டிய கார் ஒன்றும், சிறுநீரகம் கெட்டுப்போன மனைவியும் உண்டு. மனைவி பேச்சியை வாரம் தவறாமல் மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டும். அதனால் கரடி அந்தக் காரைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தது. ஆயிலை நேரத்துக்கு மாற்றும். பிரேக்கில் சின்னக் கிரீச் கேட்டாலும் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காரும்.

பழைய கார்களெல்லாம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கினால்தான் சாலையில் ஓடலாம் என்று சட்டம் வந்தது. கரடி காரைக் கழுவித் துடைத்து முதல் ஆளாக ஓட்டிக்கொண்டு போனது.

ஆய்வாளர் காட்டெருமை புகைக்குழாயில் கருவியை நுழைத்தார். புகை இம்மி கூடுதல். ஹாரனும் இம்மி கூடுதல். பிரேக் போட்டால் கோட்டைத் தாண்டி அரைச் சாண் தள்ளி நின்றது. வண்டி தேறவில்லை, இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அடுத்தது உடும்பு சுடலையின் கார். மழைக்காலத்துக்கு முன்பே படுத்துவிட்ட வண்டி. மாடுகள் கயிறு கட்டித் தரதரவென்று இழுத்து வந்தன. புகை இல்லை, சத்தம் இல்லை. காட்டெருமை கொம்பால் முட்டியும் துருப்பிடித்த சக்கரம் அசையவில்லை. பிரேக் பிரமாதம் என்று எஃப்.சி. கொடுத்தார்.

கரடிக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, அது ஓடவே ஓடாதுங்களே."

"வண்டியில குறை இருக்கான்னு பாக்கத்தான் என்னைய வச்சிருக்கு," என்றார் காட்டெருமை. "ஓடுனாத்தானப்பா குறை தெரியும்."

கரடி காரைத் தள்ளிக்கொண்டே வீடு சேர்ந்தது. கால் வீங்கிக் கிடந்த பேச்சி, இந்த வாரம் எப்படிப் போவது என்று கேட்டாள். கரடி போய் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காருக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. அழுததா என்று தெரியவில்லை. கரடி முகத்தில் முடி அதிகம்.

மறுநாள் பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டு, அதே மாடுகளை வைத்துக் காரை இழுத்துப் போனது. உள்ளே நிறுத்தி ஹேண்ட்பிரேக்கையும் ஏற்றிவிட்டது. புகை இல்லை, சத்தம் இல்லை, முட்டினாலும் அசையவில்லை. இப்போதுதான் வண்டியை ஒழுங்காக வைத்திருக்கிறாய் என்று காட்டெருமை முதுகில் தட்டி எஃப்.சி. கொடுத்தார்.

வெளியே வந்து வயரை மாட்டி, பேச்சியை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. சாவடியில் செந்நாய் மறித்தது. நிற்கிற வண்டிக்குக் கொடுத்த எஃப்.சி., ஓடினால் செல்லாது என்று எச்சரித்துத் திருப்பி அனுப்பிவிட்டது.

கரடி வளைவு வரை திரும்பி வந்தது. எஞ்சினை அணைத்தது. இறங்கிப் பின்னாலிருந்து காரைத் தள்ளிக்கொண்டு மறுபடி சாவடிக்குப் போனது. செந்நாய் சல்யூட் அடித்துத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கியது. சாவடி கண்ணுக்கு மறைந்ததும் கரடி ஏறி எஞ்சினைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியது.

அன்றிலிருந்து வாராவாரம் அப்படித்தான். தள்ளும்போது ஸ்டியரிங்கைப் பேச்சி பிடித்துக்கொள்வாள்.

"இந்த எடத்துலயாவது என்னைய ஓட்ட விட்டீகளே," என்றாள் ஒருநாள். கரடிக்கு மூச்சு வாங்கியது. சிரிக்க மட்டும் முடிந்தது.

நீதி: நன்றாக ஓடுகிறவர்கள், சோதிக்கிறவர்கள் முன்னால் நின்றுபோகவும் பழகிக்கொள்ள வேண்டும்.