சீனிக்கிழங்கு மாப்பிள்ளையை நான் விசாரித்த கதை

சந்தேகப்படுவது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல, முழுநேர வேலை. புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், ரயிலில் நான் இறங்கும் "புருசெத்" நிலையத்தை அறிவித்தாலும், நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கண்ணால் கண்ட பிறகுதான் இறங்குவேன். (இரண்டு தடவை கதவு மூடி, அடுத்த நிலையத்துக்குப் போயிருக்கிறேன்.)

இரண்டாயிரத்துகளின் நடுவில் என் தங்கை சுகந்திக்கு டென்மார்க்கிலிருந்து ஒரு கலியாணம் பேசி வந்தது. அப்பா இல்லாத வீடு. மாப்பிள்ளையை விசாரிப்பது என் பொறுப்பு. அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சீனிக்கிழங்கு பயிரிடுகிறாராம். அதாவது, பீற்றூட்டிலிருந்து சீனி! கரும்பு தெரியும், பனங்கட்டி தெரியும். இது ஏதோ சுத்துமாத்து என்று முடிவெடுத்துவிட்டேன்.

மற்றவர்கள் என்றால் மாப்பிள்ளையின் சொந்தக்காரரிடம் விசாரிப்பார்கள். நான் கிழங்கையே விசாரித்தேன். மூன்று கிலோ பீற்றூட் வாங்கி அரை நாள் அவித்தேன். குசினிச் சுவர் சிவந்ததுதான் மிச்சம், ஒரு கரண்டி சீனி கிடைக்கவில்லை. அந்தச் சாற்றை ஆதாரமாக ஒரு சாடியில் ஊற்றி வைத்தேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளையும் தாயாரும் பொம்பிளை பார்க்க வந்தார்கள். தேத்தண்ணிக்கு முன்னமே சாடி மேசைக்கு வந்தது.

"தம்பி, இதிலை சீனி எங்கை?"

"அண்ணை, இது கறி வைக்கிற பீற்றூட். சீனிக்கு வேறை இனம், வெள்ளையா இருக்கும்."

மானம் போனது. அதற்காக விடுவேனா?

"சரி, அதாலை லாபம் இருக்கோ?"

"இனி பெரிசா இருக்காது, அண்ணை. ஐரோப்பிய ஒன்றியம் விலையைக் குறைக்குது."

"அப்ப ஏன் மினக்கெடுறீர்?"

"கிழங்கு போட்ட நிலத்திலை அடுத்தமுறை தானியம் நல்லா வரும். சக்கை மாட்டுக்குப் போகும். எல்லாரும் கிழங்கை விட்டால் சீனி ஆலையை மூடுவாங்கள், கன பேருக்கு வேலை போயிடும். கொஞ்சக் காலம் பாப்பம்."

"உலகமே சீனி வருத்தத்திலை, நீரிழிவிலை கிடக்குது. நீர் இன்னும் சீனிக்கு வழி பண்ணுறீரே!"

"அது உண்மைதான், அண்ணை" என்று ஒத்துக்கொண்டார் அவர். தாயார் மெல்ல, "எனக்கும் அந்த வருத்தம்தான்" என்றார்.

வழக்கில் வென்ற வக்கீலைப் போல எழுந்து கையை வீசினேன். சாடி அந்த அம்மாவின் சந்தன நிறப் பட்டுச்சேலையில் கவிழ்ந்தது. ஐயோ, தங்கையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று வெறும் சாடியை நிமிர்த்தி வைத்தேன்.

சுகந்தி துவாயோடு ஓடிவந்தாள். சேலையைத் துடைத்தபடியே சொன்னாள்: "பொம்பிளை பாக்க வந்த இடத்திலை, தொழில் சரிவராது எண்டு உண்மை சொல்லுற ஆளை இனி எங்கை தேடுறது? எனக்குச் சம்மதம், மாமி. அண்ணாவை மட்டும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

கலியாணம் நடந்தது. இரண்டு வருடம் கழித்துச் சுகந்தி தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணா, கிழங்கை விட்டிட்டம். கட்டுபடியாகேல்லை."

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "நான் அப்பவே சொன்னனான்!"

"அவரும் அப்பவே சொன்னவர்" என்றாள்.

இன்றைக்கும் நான் எதற்காவது "அப்பவே சொன்னனான்" என்று வாயைத் திறந்தால் போதும். பெண்சாதி, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள்: "அவரும் அப்பவே சொன்னவர்!"