நன்னாவின் அறையில் இன்டர்நெட்

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் எதுவும் வாய்க்குள் போகும். ‘எனக்குத் தெரியாது’ என்ற சொல் மட்டும் வெளியே வராது.

அப்போது தேனியில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் இருந்தேன். உத்தமபாளையத்தில் ஏலக்காய் வியாபாரம் பார்த்த மாமனார், வீட்டிலிருந்தே விலை பார்க்க ஆசைப்பட்டார். மொட்டை மாடியில் ஆன்டெனாவை நட்டு, கம்பம் டவரைப் பார்த்துத் திருப்பிவிட்டேன். அது எனக்குத் தண்ணி பட்ட பாடு. வீட்டுக்குள் இன்டர்நெட் பெட்டியையும் யுபிஎஸ்ஸையும் எங்கே வைப்பது? பூட்டிக் கிடந்த மாடியறையைக் காட்டினேன். ஒயர் மிச்சமாகும்.

மாமி முகம் மாறியது.

“அங்கன வேணாம் மாப்ளே. நசீமாவோட நன்னா மவுத்தான பெறகு அந்த ரூம யாரும் பொழங்குறதில்ல. அவுக இன்னும் உள்ள இருக்குற மாதிரியே இருக்கும்.”

“நான் சயின்ஸ் படிச்சவன் மாமி.” (சிரிக்கவும் செய்தேன்.)

மனைவி நசீமாவின் தாத்தாவுடைய சாய்வு நாற்காலியும் இரும்பு அலமாரியும் அங்கே அப்படியே இருந்தன. அலமாரி மேல் பெட்டிகளை வைத்தேன். சுவரில் துளைபோட்டு ஒயரை நேராக உள்ளே இழுத்தேன். பழைய வீடு; பிளக்கில் மூன்று கால், சுவரில் இரண்டே ஓட்டை. மூன்றாவது காலைக் குறடால் முறித்தேன். (எர்த் கால்தான். மாப்பிள்ளை மூளை!)

மறுநாள் பிற்பகல் மேற்கு மலையிலிருந்து மேகம் இறங்கி ஊரே இருண்டது. சாரல் பிடித்துக்கொண்டது. மாடியறையில் தூசி தட்டப் போன நசீமா வெளிறிப்போய் இறங்கி வந்தாள்.

“ஏங்க, அலமாரியத் தொட்டேன். உள்ளேருந்து யாரோ விரலப் புடிச்சு இழுத்தாக.”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மேலே ‘கீ...ங்’ என்று ஒரு அழுகை கிளம்பியது. நின்றது. மறுபடி அழுதது. மாமி ஓத ஆரம்பித்துவிட்டார்.

“அது யுபிஎஸ் மாமி. கரண்ட் போனா கத்தும்.”

“பேரு வச்சிட்டா ஆச்சா மாப்ளே?”

கரண்ட் வந்தது, அழுகை நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் வெறுங்காலோடு ஏறினேன்.

அறையில் பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் கண் சிமிட்டியது. எங்கிருந்தோ அத்தர் வாசனை. தரை சில்லென்று ஈரம். நாற்காலித் துணியில் முதுகும் இடுப்பும் தொடைகளுமாக ஒரு ஆள் அளவுக்கு ஈரம், குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் இப்போதுதான் எழுந்து போனதுபோல. நான் பார்க்கப் பார்க்க அது அகலமானது.

சட்டென்று திரும்பி அலமாரியைப் பிடித்தேன். அலமாரி என்னைப் பிடித்தது. விரலைப் பிரிக்க முடியவில்லை.

“நன்னா! மன்னிச்சிருங்க! தெரியாமச் செஞ்சிட்டேன்!”

கை எப்படியோ விடுபட, பின்னால் சாய்ந்து விழுந்தது அந்த ஈர நாற்காலியில். நன்னாவின் மடியில்!

என் அலறலில் மாமனார் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வந்தார். எழுந்து நின்று விளக்கினேன்: எர்த் இல்லாததால் யுபிஎஸ்ஸில் கசிந்த கரண்ட் அலமாரி முழுக்க இறங்கியிருக்கிறது. ஒயரை வெளியே வளைத்துத் தொங்கவிடாததால் மழைத்தண்ணீர் அதன் வழியே ஓடிவந்து நாற்காலியில் சொட்டியிருக்கிறது. அத்தர் வாசனையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மாமனார் அறை வாசலைக் காட்டினார். அங்கே வாளித் தண்ணீரும் துணியும் இருந்தன. தொழுதுவிட்டு வந்து மாமி ஈரத்துணியால் அலமாரியைத் துடைப்பதாக இருந்தாராம். அன்று அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மாமி முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்புறம் குழி தோண்டி எர்த் போட்டு, பெட்டியை ஹாலுக்கு மாற்றினோம். இன்டர்நெட் வந்தது, சிரிப்பும் வந்தது. இன்றைக்கும் நான் எந்தப் பிளக்கைக் கையில் எடுத்தாலும் மகள்கள் இருவரும் ஒரே குரலில் கத்துகிறார்கள்:

“மொதல்ல நன்னாகிட்ட மன்னிப்புக் கேளுங்க அத்தா!”

கேட்டுவிட்டுத்தான் சொருகுகிறேன்.