தவளை ஐயாவின் அரிசிக் குவியல்

ஆவடி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் தவளை ஐயாவைப் போல ஒரு கஞ்சனைப் பார்த்திருக்க முடியாது. இதில் வேடிக்கை, அவருடைய கஞ்சத்தனமெல்லாம் அடுத்தவர் பொருளில்தான். அவருக்கென்று இருந்தது நாலு சட்டை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். பெரிய அதிகாரியே வந்து குண்டூசி கேட்டபோது, "சீட்டு மூணு காப்பி எழுதிட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பினவர். எங்கள் வேதக்கோயில் சபையின் பிடி அரிசிக்கும் அவரே காவல். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டு, மாதக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். இல்லாதவர்களுக்குக் கொடுக்கத்தான். ஆனால் ஐயாவிடம் போன அரிசி திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

யாரோ ஒரு பாதிரியார் விட்டுப்போன தடித்த அகராதியை வைத்துத் தானாகவே, வேதத்தின் மூலமொழியான எபிரெயம் படித்தவர். பஸ் ஸ்டாப்பில் மாட்டினால் தொலைந்தோம்.

"சொத்து சேர்க்கான்னு வேதத்துல வாசிக்கோம்லா, மூலத்துல அது 'த்சாபர்'. சேர்க்கது இல்ல வே, குமிக்கது! யோசேப்பு தானியத்தைக் குமிச்சாருல்லா, அதுக்கும் அந்த வார்த்தைதான். எகிப்துல செத்த தவளையக் குமிச்சு ஊரே நாறிச்சே, அதுக்கும் அதேதான்."

பேச்சில் தவளை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார். பெயர் ஒட்டிக்கொண்டது.

எண்பதுகளில், அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் லேத் ஓட்டிய கம்பெனியில் கதவடைப்பு. ஏழு மாதம். என் மனைவி ஸ்டெல்லா கர்ப்பமாக இருந்தாள். அப்போதும் பிடி அரிசி எடுத்தாள்.

"இன்னாடி, நமக்கே இல்ல, கோயிலுக்கு எடுத்து வெக்கிற?"

"நம்மள வுட இல்லாதவங்க கீறாங்கய்யா."

கதவடைத்த ஆறாவது மாதம் அரிசிப் பானை காலி. வெட்கத்தை விட்டு ஐயாவிடம் போனேன். கோயில் பின்னறையில் பதினோரு மூட்டை அடுக்கியிருந்தது.

"ரெண்டு படி குடுங்க ஐயா. வேலைக்குப் போனதும் திருப்பி வெச்சுடறேன்."

"சபைக் கமிட்டி கையெழுத்து இருக்கா?"

"எம் பொண்டாட்டி போட்ட அரிசியும் அதுல கீதுங்க ஐயா."

"அது ஸ்டாக்குல ஏறியாச்சு வே. யோசேப்பு பஞ்சத்துக்குல்லா குமிச்சாரு? பஞ்சம் வரட்டும், குடுப்போம்."

"பஞ்சம் எங்க ஊட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆச்சு ஐயா!"

அவர் பூட்டை இழுத்துப் பார்த்தார். நாசமாய்ப் போக என்று கோயில் வாசலிலேயே சபித்துவிட்டு வந்தேன்.

கமிட்டி கூடுவதற்குள் ஸ்டெல்லா குழாயடியில் மயங்கி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. உடம்பில் ரத்தமே இல்லை, சாப்பாடு போதவில்லை என்றார் டாக்டர். பெண் குழந்தை. அன்றோடு ஸ்டெல்லா பிடி அரிசி எடுப்பதை விட்டாள்.

குழந்தையின் அடக்கத்துக்கு மறுநாள் ஐயா மூட்டைகளை அவிழ்த்திருக்கிறார். கூரை ஒழுகி அத்தனையும் புழுத்து, மக்கிப் போயிருந்தது. எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தாயி, நான் தானியம்னு நெனச்சேன். தவளையத்தான் குமிச்சிருக்கேன்."

அன்று அவர் மூக்கைப் பொத்தவில்லை. ஸ்டெல்லா கதவைச் சாத்தினாள்.

அந்தச் சனிக்கிழமை தன் சொந்த அரிசியில் இரண்டு படி கொண்டுவந்தார். கூடவே சீட்டு, மூன்று காப்பி! "பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போடும் தம்பி." பையைத் தெருவில் வீசினேன். சிதறியதை உட்கார்ந்து பொறுக்கினார். அடுத்த வாரமும் வந்தார், வீசினேன். நாலாவது வாரம் ஸ்டெல்லாதான், "கையெழுத்துப் போடுய்யா. மனுசன் வெயில்ல நிக்கிறாரு" என்றாள்.

கம்பெனி திறந்தது. இரண்டு பையன்கள் பிறந்தார்கள். ஐயா நிறுத்தினால்தானே?

"இப்பதான் எங்களுக்குக் கீதே ஐயா, போதும்."

"இருந்தா பக்கத்து வீட்டுக்குக் குடு தாயி. குமிய மட்டும் விட்ராத."

தொண்ணூறுகளில் ஒரு வெள்ளிக்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டார். குவார்ட்டர்ஸில் நாலு சட்டை, அகராதி. மேசைமேல் இரண்டு படி அரிசி. பக்கத்தில் மறுநாள் தேதி போட்ட சீட்டு, மூன்று காப்பி. மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன். கண்ணீரில் மை கலைந்துவிட்டது. அவர் பார்த்திருந்தால் புதுச் சீட்டு எழுதச் சொல்லியிருப்பார்.

அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஸ்டெல்லா அந்த அரிசியில்தான் கஞ்சி வைத்தாள். உலையில் போடும்முன், இத்தனை வருஷத்துக்கப்புறம், ஒரு பிடி எடுத்துத் தனியாக டப்பாவில் போட்டாள்.

"ஐயா பேருக்கு" என்றாள்.