மேலூர் ரோட்டில் நான் நடந்த நடை

எங்கள் ஒத்தக்கடையில் காரணமில்லாமல் உட்காரலாம், படுக்கலாம், வெற்றிலை போடலாம். காரணமில்லாமல் நடக்க மட்டும் முடியாது. எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் எங்கே போகிறோம் என்று சொல்லியாக வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமான இரண்டே வருஷத்தில் நான் மூன்று சுற்றுப் பெருத்திருந்தேன். மாடியில் துணி காயப்போட ஏறினால் மூச்சு முட்டும். டாக்டரம்மா மாத்திரை எழுதாமல், "தினமும் காலையில நட. இல்லேன்னா இந்த மூச்சிரைப்பு உன்னைய விடாது" என்றார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மாமியாரிடம் கேட்டேன். "வேலவெட்டி இல்லாதவளா நீயி? ஆட்டுரல்ல மாவாட்டு, எல்லாம் எறங்கும்" என்றார். கணவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நானாகவே கிளம்பினேன். கேட்பவர்களிடம் கடைக்கு என்று சொல்ல ஓர் ஒயர்க்கூடை. காலிக் கூடை ஆடினால் சந்தேகம் வருமே என்று உள்ளே இரண்டு சேலையை மடித்து வைத்தேன் (என்ன மூளை!). மேலூர் ரோட்டில்தான் புளியமர நிழல் உண்டு. என் அம்மா வீடும் மேலூரில்தான் என்பது அப்போது நினைப்பிலேயே இல்லை.

எதிர்வீட்டு மதனி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். "எங்கிட்டுத்தா, விடியாலயே?"

"கடைக்கு, மதனி."

அவர் பார்வை கூடைக்குள் போனது. வாளியை அப்படியே போட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குள் ஓடினாராம்.

கொஞ்ச தூரத்திலேயே எனக்கு இரைத்தது. திரும்பிவிடலாமா என்று நினைக்கும்போது பின்னால் சத்தம். பார்த்தால், கொண்டை அவிழ மாமியார் ஓடி வருகிறார். கூடவே மதனி. சைக்கிளில் லுங்கியோடு கணவர். கேட்காமல் வந்ததற்கு ஏச்சு விழப்போகிறது என்று பயந்து இன்னும் எட்டி நடந்தேன்.

"நில்லுத்தா! இனிமே நானே மாவாட்டுறேன், நீ ஆட்ட வேணாம்!"

(அடடா! கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவதாக அல்லவா நினைத்துவிட்டார்கள்!) விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கணவர், "செல்வி, கேஸ் அடுப்புக்கு இன்னைக்கே எழுதிக் குடுத்துர்றேன்" என்றார். வாயை மூடிக்கொண்டேன். கால் தானாக வேகமெடுத்தது.

அப்புறம் மரத்துக்கு மரம் சலுகைதான். ஒரு மரத்தில் மாதம் தவறாமல் சினிமா. அடுத்த மரத்தில் மாமியார், "என் கெட்டிச் சங்கிலியப் போட்டுக்கத்தா!" யானைமலை இடப்பக்கம் கூடவே வர, ராணி மாதிரி நடந்தேன். டாக்டர் சொல்லி அசையாத உடம்பா இது? மூச்சிரைப்பு போன இடம் தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்!

கடைசியில் மாமியார் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டார். "என்னதான்டி வேணும் ஒனக்கு?"

"தினமும் காலையில இம்புட்டுத் தூரம் நடக்கணும் அத்தை. அம்புட்டுத்தேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார்தான் முதலில் சிரித்தார். "நட. நானும் கூட வாரேன். ஒன்னையத் தனியா விட்டா மேலூருக்கே போயிருவ." மறுநாளிலிருந்து காவலுக்கு வந்தவர் என்னைவிட வேகமாக நடந்தார். கேஸ் அடுப்பும் வந்தது (சங்கிலிதான் மாமியார் கழுத்தை விட்டு இறங்கவில்லை).

இப்போது என் கணவருக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொல்கிறார், மனிதர் நாற்காலியை விட்டு அசைந்தால்தானே! அதனால் தினமும் காபி குடித்து முடித்ததும் அவர் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை விடுவேன். "இந்த வீட்ல மனுசன் இருப்பானா!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "மாமா மேலூருக்குக் கெளம்பிட்டாக" என்று மருமகள் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வருவார். சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது.