கம்பத்தடி முட்டை

பந்தடிப் போட்டியில் கப்பு வாங்கிக் கொடுத்த மனேசர் அழகரத்தினத்தை அடுத்த கிழமையே கழகத்திலிருந்து கலைத்துவிட்டார்கள் என்றால் கிரான் ஊர் தூங்குமா? முப்பத்தெட்டாம் ஆண்டு சித்திரையில் அதுதான் நடந்தது. சேதி கச்சி முகம்மதுவின் தேத்தண்ணிக் கடைக்கு வந்ததுதான் தாமதம், பந்தைத் தொட்டறியாதவன் எல்லாம் வாய் திறந்தான்.

"அழகரத்தினம் கப்பை அடகு வெச்சிட்டாராம்."

"ஆர் சொன்ன?"

"எல்லாரும் சொல்றாங்க மனே."

அந்த 'எல்லாரும்' யாரென்று இதுவரை ஒருவரும் கண்டதில்லை.

ஏன் கலைத்தார் என்று கழகத் தலைவர் கந்தப்போடியாரிடம் கேட்டால் தீர்ந்தது. ஆனால் பந்தடிப்பதே நெல் அறுத்த அவருடைய வயல் வட்டையில். அவரைக் கேள்வி கேட்பது மரியாதையில்லையாம். ஆகவே ஊர் திரண்டு, மை பார்க்கும் கட்டாடியார் கதிர்காமத்தம்பியிடம் போனது.

அவர் வெற்றிலையில் மை தடவினார்; கண்ணை உருட்டினார்.

"போன வருசம் சித்திரையில கோல் கம்பத்தடியில அழகரத்தினம் மண்ணுக்குள்ள செய்வினை தாட்டிரிக்கான். கப்பு வந்தது அதாலதான். இனி அது நம்மட பக்கம் கிறுகி, ஆடினவன்ட காலையும் பாத்தவன்ட கண்ணையும் தின்னும்!"

பரிகாரம், கட்டாடியாருக்கு ஆளுக்கொரு முட்டைக்கோழி. சேவல் ஏன் ஆகாது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அழகரத்தினத்தின் மனைவி புஸ்பம் கிணற்றடிக்குப் போனால் பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். மகளுக்குப் பேசிய கலியாணமும் நின்றது. செய்வினைக்காரன் வீட்டில் பெண்ணெடுப்பார்களா? மனுசனோ சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வட்டையில் திருவிழாக் கூட்டம். கட்டாடியார் உடுக்கடித்து ஆடி, கம்பத்தடியைத் தோண்டினார். சிவப்புத் துணி முடிச்சு. உள்ளே செப்புத் தகடும், கரியால் எழுத்துப் போட்ட ஒரு முட்டையும். மயங்க வேண்டியவர்கள் உடனே மயங்கினார்கள்.

புஸ்பம் முன்னே வந்தாள்.

"கட்டாடியார், இது எப்ப தாட்டது?"

"சொன்னன்தானே, போன வருசம்!"

"அதுக்கு மறுகா இந்த வட்டையில எருமை விட்டு மிதிச்சு, விதைச்சு, அறுத்தாங்களே. கம்பமும் அதுக்குப் பிறகு நட்டதுதானே. போடியார்ர எருமையெல்லாம் பூனை மாதிரியா நடக்கும்?"

ஒருவன் சிரித்துவிட்டுப் பயந்து நிறுத்தினான்.

"மந்திரக் கட்டுகா! எது மிதிச்சாலும் உடையாது."

"நான் உடைச்சுப் பாக்கன்."

"தொட்டா கை விளங்காது!"

"என்ட கைதானே."

முட்டையைக் கம்பத்தில் தட்டினாள். வருசம் முழுக்க மண்ணுக்குள் கிடந்த முட்டை ஊரையே நாறடிக்க வேண்டாமா? மஞ்சள் கரு அவள் உள்ளங்கையில் குண்டாக உட்கார்ந்திருந்தது. கச்சி முகம்மது மோந்து பார்த்தார்.

"அல்லாட காவல்! என்ட கடை முட்டையை விடப் புதுசாயிரிக்கி!"

"அது நான் குடுத்த கோழிட முட்டைடா!" என்று ஒருவன் பாய்ந்தான். கட்டாடியார் உடுக்கைப் போட்டுவிட்டு ஓடினார். கப்புக்காக ஆடியவர்களில் ஒருவன்கூட அந்த வேகத்தில் ஓடியதில்லை.

புஸ்பம் கையைத் துடைத்துக்கொண்டு போடியார் பக்கம் கிறுகினாள்.

"போடியார், என்ட மனுசனை ஏன் கலைச்சீங்க?"

போடியார் தாடையைச் சொறிந்தார். "என்ட மருமகனை அவர் ஒருநாளும் ஆட விடல்ல புள்ள."

"இதுக்கா ஊர்க்கோழி எல்லாம் போச்சு?" என்றார் கச்சி முகம்மது.

மறுநாளே மாப்பிள்ளை வீட்டார் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார்கள். யோசித்துச் சொல்வதாகப் புஸ்பம் சொல்லிவிட்டாள். அந்த ஊரில் யோசிக்கத் தெரிந்தவள் அவள்தானே. மற்றவர்களும் கொஞ்சம் பழகிப் பார்க்கலாம்: வாயைத் திறந்து கேட்பதற்குக் கூலியில்லை, ஐயா, கேட்காமல் இருப்பதற்குத்தான் கோழி.